இருக்கு என்பதற்கு எதிர்ச்சொல்

இருக்கு. அட்டையை மேசைமேல் வைத்து, வாய்விட்டும் ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டு, எனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஜெனிஷா பேனாவை எடுத்துக்கொண்டாள். இதற்கு எதிர்ச்சொல்லை நான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியும். பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது ஒன்று, வாய்க்கு வந்து சேருவது இன்னொன்று என்று என்னைப் போலப் பக்கவாதம் வந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அவர்களால் சொல்ல முடிந்தால். தலைக்குள் நான் பேசிக்கொண்டேதான் இருக்கிறேன். இதோ இப்போதுகூட, இந்தப் பெண் கைக்கடிகாரத்தை ஏன் வலது கையில் கட்டியிருக்கிறாள், இந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் சுவருக்கு ஏன் இப்படி ஒரு பச்சையை அடித்து வைத்திருக்கிறார்கள், ஊறப்போட்ட பாசிப்பயறு இதைவிட நல்ல பச்சையாக இருக்குமே என்று ஓயாத பேச்சு. வெளியேதான் ஆள் ஊமை. தங்கபுஷ்பத்தின் வாய்க்கு அருப்புக்கோட்டை பஜாரே பயப்படும் என்று சொல்வார்கள். மொத்த வியாபாரிகள் விலை சொல்வதற்கு முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்கள். அந்த வாய் ஐப்பசியில், தீபாவளிச் சரக்கு வந்து இறங்கிய அன்றைக்கு நின்றுபோனது. உளுந்தம்பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன், வலது கையிலிருந்து சணல் நழுவியது, குனிந்து எடுக்கப் பார்த்தால் கை வேறு யாருடையதோ போலத் தொங்கியது. சணலை எடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே வந்தது ஒரு சத்தம், அவ்வளவுதான். மாசி மகமும் வந்து போய்விட்டது, கடையின் ஷட்டர் அன்றைக்கு இறங்கியது இறங்கியபடியே கிடக்கிறது. எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் என் மகன் கனகவேல் உட்கார்ந்திருக்கிறான். செல்போனை மடியில் குப்புறக் கவிழ்த்து வைத்திருப்பான், எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். ஒரு பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர்காரர்கள் கிளை வைக்க எங்கள் இடத்தைக் கேட்கிறார்கள். பஜாரில் அதைப் போல முகப்பு உள்ள இடம் வேறு கிடையாது, கேட்கத்தான் செய்வார்கள். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பதில் வேண்டுமாம். காரில் வரும்போது கனகவேல் நயமாகத்தான் சொன்னான். மேடம் இன்றைக்குச் சோதித்துப் பார்த்து, அம்மா பேசி வியாபாரம் பார்க்கலாம் என்று சொன்னால், இரண்டு ஆளைப் போட்டுக் கடையைத் திறந்துவிடுவோம், அவர்கள் அப்படிச் சொல்லாவிட்டால் இடத்தை விட்டுவிடுவோம். அவன் கெட்டவன் கிடையாது. கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் மேனேஜராக இருக்கிறவன், வாரத்துக்கு ஒரு முறை ஓடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வருகிறான், அவன் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்விட்டது. எல்லாம் சரி. ஆனால் என் கடை ஒரு அட்டையில் நிற்கிறது, அந்த அட்டையில் இருக்கு என்று எழுதியிருக்கிறது.

இதுவரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனாலும் சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப் போகிறார்கள். முதலில் ஒரே பொருள் தரும் சொற்கள். அவள் ஒரு சொல்லைச் சொல்வாள், அதே பொருளில் இன்னொரு சொல்லை நான் சொல்ல வேண்டும். பாதை என்றாள், வழி என்றேன். ஆகாயம் என்றாள், கொஞ்சம் இழுத்தது, வானம் என்றேன். சாமான் என்று அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் சரக்கு என்றேன். பின்னால் கனகவேல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. கேட்கட்டும். இந்த வித்தையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரே பொருளுக்கு எத்தனை பேர் என்று பள்ளிக்கூடத்திலா படித்தேன், எட்டாவதோடு என்னைத் தறிக்காரர் ஊருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், கல்லாவில் உட்கார்ந்து படித்தது. நெசவுக்காரர் தெருப் பெண்கள் மல்லி என்று கேட்பார்கள், சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த தாசில்தார் வீட்டம்மா தனியா என்று கேட்பாள். பொரிகடலை என்பார்கள், பொட்டுக்கடலை என்பார்கள், பள்ளிவாசல் தெருவில் ஒரு வீட்டில் உடைச்ச கடலை என்பார்கள். சீனி என்றால் எங்கள் ஊரில் வெள்ளை, சர்க்கரை என்றால் பழுப்பு. அந்த தாசில்தார் வீட்டம்மா முதல் நாள் வந்து சர்க்கரை ஒரு கிலோ என்றபோது நான் நாட்டுச்சர்க்கரை டின்னுக்குப் பக்கமே போகாமல் நேரே சீனியைப் பொட்டலம் கட்டினேன். எதிர்க்கடைக்காரர் அதே வாரம் அதே அம்மாவுக்குப் பழுப்பைக் கட்டிக்கொடுத்து, பாயசம் கெட்டு, திருப்பி வாங்கிக்கொண்டு, போதும் போதும் என்றாகிவிட்டது அவருக்கு. சொல்லைக் கேட்டால் போதாது, சொல்கிற ஆளையும் பார்க்க வேண்டும். என் கடைக்கு வந்த யாரும் தங்கள் சொல்லை மாற்றிக்கொண்டு கேட்க வேண்டி வந்ததே கிடையாது. அவர்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே கேட்டு வாங்கிப் போனார்கள். இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. இந்த ஜெனிஷாவையே எடுத்துக்கொள்ளுங்கள், முதல் நாள் நான் அழுதபோது அழ வேண்டாம் என்பதை அழாண்டாம்மா என்றாள், அந்த ஒரு ஆண்டாமிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் மார்த்தாண்டம் பக்கம். சொல்ல முடியாமல் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து அவளே சொன்னாள். அப்போது நான் சிரித்த சிரிப்புக்கு அவளுக்கு அர்த்தம் புரிந்திருக்காது.

அதற்கடுத்து வாக்கியங்கள். இங்கேதான் பயம் எனக்கு. ஒற்றைச் சொல்லை எப்படியாவது பிடித்து இழுத்துவிடலாம், வாக்கியம் என்றால் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்தாக வேண்டும், என் தலைக்குள் அவை சினிமாக் கொட்டகை டிக்கெட் ஜன்னலில் நிற்பதைப் போல முண்டிக்கொண்டு நிற்கின்றன. தை மாசத்தில் ஒரு நாள் மருமகள் சுகந்தி அஞ்சறைப்பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி என்ன என்று கேட்டாள், நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள். சீரகத்தை எடுத்துக் காட்டினாள். நான் சோம்பு என்றேன். சொல்லும்போதே அது தப்பு என்று தெரிகிறது, மூக்குக்குச் சீரக வாசம் வருகிறது, வாய் மறுபடியும் சோம்பு என்கிறது. என் கையில் எத்தனை மூட்டை சீரகம் புடைக்கப்பட்டுப் போயிருக்கும். ஒருத்தன் என் கடையில் சீரகம் கேட்டு நான் சோம்பைக் கட்டிக்கொடுத்தால் அதற்குப் பிறகு நான் எதற்கு என்று அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடந்தேன். ஆனால் சும்மா கிடந்தேன் என்று நினைக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கடைக்குள் போனேன். ஷட்டரைத் தூக்கினேன், விளக்கேற்றினேன், இடது கைப்பக்கம் மேல்தட்டிலிருந்து ஆரம்பித்தேன். கடுகு, அதன் தோளை ஒட்டிச் சீரகம், அதற்கடுத்து வெந்தயம், அந்தப் பக்கம் மிளகு, சோம்பு கீழ்த்தட்டில் பட்டைக்கும் கிராம்புக்கும் நடுவில். தனியாகக் கேட்டால் வராத சீரகம், கடுகுக்குப் பிறகு என்ன என்று கேட்டால் ஓடி வந்தது. சொல்லுக்கு அக்கம்பக்கம் வேண்டும், அதைத் தனியாக அட்டையில் நிறுத்தினால் அது திருதிருவென்று முழிக்கும், நம்மையும் முழிக்க வைக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தந்தது கிடையாது, நானாகக் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு தினமும் கடைக்குப் போனேன், கட்டிலில் படுத்தபடி. இன்றைக்கு ஜெனிஷா பாதி வாக்கியத்தைச் சொல்லி நிறுத்தினாள், மழை வருவதற்குள் அவள் வெளியே இருந்த, என்று. துணிகளை எடுத்தாள் என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்திருப்பாள். எனக்குத் துணி காயும் கொடி கண்ணுக்குள் வர மறுத்தது. கடை வாசலில் வெங்காய மூட்டை வந்தது, வாசலுக்கு மேலே இருட்டிக்கொண்டு வந்தது, தெற்கேயிருந்து காற்று, முதல் சொட்டு. மூட்டை மேல, என்றேன். நிறுத்தினேன். தார்ப்பாய், என்றேன். போட்டா, என்றேன். நாலு சொல், நாலும் வரிசையில் வந்து நின்றன, ஒன்றுகூட முண்டியது கிடையாது. ஜெனிஷா சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள். தார்ப்பாய் என்ற சொல்லைத் தானும் யோசித்திருக்க மாட்டேன் என்றாள். நீ எதற்கு யோசிக்கப் போகிறாய், உன்னிடம் வெங்காய மூட்டையா இருக்கிறது.

பிறகு இந்த எதிர்ச்சொற்கள். இனிப்பு, கசப்பு. புதுசு, பழசு. ஈரம், காய்ச்சல் என்று வந்துவிடப் பார்த்தது, பல்லைக் கடித்துக் காய்ந்தது என்றேன், அதற்கும் பாதி மதிப்பெண் போட்டுக்கொண்டாள். திற என்ற அட்டை வந்தபோதுதான் முதல் முட்டு. எங்கள் கடையில் திறப்போம், மூட மாட்டோம். சாயங்காலம் எல்லாம் முடிந்தால் கடையை எடுத்து வைப்போம். மூடு என்று சொன்னால் அது ஒரேயடியாக மூடுவது, அந்தச் சொல்லைக் கடைக்குச் சொல்வார்களா. வீட்டில் விளக்கை அமர்த்துவோம், அணைக்க மாட்டோம். அரிசிப் பானை காலியானால் அரிசி வாங்கணும் என்போம். இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவது கிடையாது, இப்படிப் பேசுகிற வீட்டில் இருந்தால் இப்படித்தான் வாய் பழகும். திற என்ற அட்டையைப் பார்த்துக்கொண்டே கடையை மறந்து, நல்லெண்ணெய் டின்னை நினைத்துக்கொண்டேன், டின்னின் மூடியை நினைத்துக்கொண்டேன், மூடு என்றேன். டின்னைத்தானே மூடினேன், டின்னை மூடலாம், தப்பு கிடையாது. தப்பித்தேன் என்று மூச்சு விடுவதற்குள் இதை எடுத்து வைத்துவிட்டாள். இருக்கு. இதற்கு எந்த டின்னை நினைப்பது. நான் முதன்முதலில் கல்லாவில் உட்கார்ந்த அன்று என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டி வேறு எதையும் சொல்லாமல் இதைத்தான் சொன்னார். கேட்ட சரக்கு இருந்தால் இருக்கு என்று சொல், தீர்ந்திருந்தால் வரும் என்று சொல், இன்னொரு சொல் இருக்கிறது, அது இந்தப் பலகைக்கு மேலே வரக் கூடாது, என்றார். அந்தச் சொல்லை அவர் எனக்குச் சொல்லிக்கூடக் காட்டாமல் சொன்னார். நான் வெறும் வாய்க்கு வரும் என்று சொல்கிறவள் கிடையாது. மாசமாக இருந்த நெசவுக்காரர் தெருப் பெண்ணுக்காக அவள் மாமியார் வந்து குங்குமப்பூ இருக்கா என்று கேட்டார், எங்கள் கடையில் மஞ்சள் தூளைத் தவிர அந்த நிறத்தில் ஒன்றும் கிடையாது, வரும் என்று சொன்னேன், மதுரைக்கு ஆள் அனுப்பி வரவழைத்தேன். இன்றைக்கு அந்தப் பிள்ளை காலேஜுக்குப் போகிறது, எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கிறது. வரும் என்று நான் சொன்ன ஒன்றும் வராமல் போனது கிடையாது. அப்படிப்பட்ட சொல் அது. ஆகவே இருக்கு என்று எதிரில் வைத்துக் கேட்டால் என் வாய்க்குள் முதலில் எழுந்து நிற்பது வரும்தான். அதுதான் எதிர்ச்சொல். அதுதான் வினை. ஏனென்றால் இதே வரும்தான் ஐப்பசியில் என் வாயில் மிஞ்சி நின்ற ஒரே சொல். கண் விழித்ததும் பேர் என்ன என்று டாக்டர் கேட்டார், வரும் என்றேன். ஊர் என்ன என்றார், வரும். வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டாள், வரும். சுகந்தி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவளை அழாதே என்று சொல்ல நினைத்து வரும், வரும் என்றேன், அவள் இன்னும் சத்தமாக அழுதாள். மற்றதெல்லாம் எரிந்து போன வீட்டில் ஒரு சட்டி மட்டும் மிஞ்சியதைப் போல அது மிஞ்சியிருந்தது, அதை வைத்தே எல்லாவற்றையும் சமைத்துப் பார்த்தேன். ஜெனிஷா வந்துதான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினாள். இப்போது நான் வரும் என்று சொன்னால் அவள் என்ன நினைப்பாள். பழையபடி ஆரம்பித்துவிட்டது என்று நினைப்பாள். நினைக்கத்தான் செய்வாள், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். முதல் நாளே ஒரு கோளாறு நடந்திருக்கிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னாள், நான் லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணினேன். மறுபடி எண்ணச் சொன்னாள், லாபம் என்றேன். தேங்காய் எண்ணினாலும் படியில் அளந்தாலும் முதலாவதை லாபம் என்றுதான் நாங்கள் எண்ணுவோம், வியாபாரத்தை வெறும் ஒன்றில் யாராவது ஆரம்பிப்பார்களா, அதை அவளுக்கு விளக்க எனக்கு அப்போது வாய் ஏது. அவள் தலையைக் குனிந்து என்னவோ எழுதிக்கொண்டாள். அது இன்னும் அந்த ஃபைலில் இருக்கும்.

அவசரப்படாண்டாம்மா என்கிறாள் ஜெனிஷா. நான் எங்கே அவசரப்படுகிறேன், தேடிக்கொண்டிருக்கிறேன். சொல்லுக்கு அக்கம்பக்கம் வேண்டும் என்று சொன்னேனே, அந்தச் சொல்லுக்கு என்னிடம் அக்கம்பக்கம் கிடைத்தால் போதும், ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம், நான் என் வாயால் என்றைக்காவது சொன்னது. சொல்லியிருப்பேன். பேச்சோடு பேச்சாக நூறு தடவை சொல்லியிருப்பேன், அதெல்லாம் பேச்சில் கரைந்து போனவை, பிடிக்கப் போனால் கையில் தங்க மறுக்கின்றன. எதிரே நிற்கிற ஒருத்தர் இருக்கா என்று கேட்டு, நான் அவர் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னது என்று ஒரு தடவையாவது வேண்டும். குங்குமப்பூவுக்குச் சொன்னேனா, கிடையாது. சின்ன வயசில் கனகவேல் சைக்கிள் கேட்டு அடம்பிடித்தான், அவனுக்குச் சொன்னேனா, வரும்டா என்றேன், வந்தது. ஒரு இடம் பாக்கி இருக்கிறது. அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் போகிறேன், கால் தன்னால் போகிறது. என் வீட்டுக்காரர் தவறி, காரியமெல்லாம் முடிந்து, நான் கடையைத் திறந்த முதல் நாள். உறவுக்காரர்கள் வேண்டாம் என்றார்கள், பொம்பளை ஒருத்தி பஜாரில் தனியாக உட்கார்ந்து வியாபாரம் பார்க்கவா என்றார்கள், நான் குளித்து, ஈரத்தலையைத் துவட்டி முடிந்து, அவர் உட்கார்ந்த அதே பலகையில் போய் உட்கார்ந்தேன். பலகை இன்னும் அவர் பக்கமாகச் சரிந்தே இருந்தது. பத்து மணி வாக்கில் தூத்துக்குடியிலிருந்து உப்புக்காரர் வந்தார். அவருக்குச் சேதி எட்டாமல் போயிருந்தது. லாரியிலிருந்து இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்ன மதினி, அண்ணாச்சி இருக்காகளா என்று கேட்டார். அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிய இடம் என்று ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது அதுதான். பக்கத்துக் கடைக்காரர் படி இறங்கி வந்து எனக்காகச் சொல்ல வாயெடுத்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். வரும் என்றோ வருவாக என்றோ சொல்லவும் முடியாது, அது பொய், கடையில் உட்கார்ந்து பொய் சொல்லக் கூடாது. உப்புக்காரர் முகம் மாறிக்கொண்டே வந்தது, என் நெற்றியைப் பார்த்துவிட்டார். நான் சொன்னேன், குரல் கொஞ்சமும் உடையாமல் சொன்னேன், இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

"நான் இருக்கேன் அண்ணாச்சி. எத்தனை மூடை இறக்கணும்?"

அவர் அழுதுகொண்டே உப்பை இறக்கினார். நான் எண்ணினேன், லாபம், ரெண்டு, மூணு. ஆக அங்கேயும் போய்த் தேடிவிட்டேன், அங்கேயும் அதைக் காணோம், அங்கேயே நான் அதைச் சொல்லாமல் தாண்டி வந்திருக்கிறேன் என்றால் வேறு எங்கே போய்த் தேடுவது. கனகவேல் செருமுகிறான். ஜெனிஷா கடிகாரத்தைப் பார்க்காமல் பார்க்கிறாள். மேலே காற்றாடி டக் டக் என்று ஏதோ ஒரு திருகு கழன்ற சத்தத்தோடு சுற்றுகிறது, அதைக் கவனித்தால் தேடுவது கலைகிறது, கவனிக்காமல் இருக்கப் பார்த்தால் அது மட்டுமே கேட்கிறது. நாக்கு நுனியை மேலண்ணத்துக்குக் கொண்டுபோகிறேன், முதல் எழுத்து இ, இருக்குவுக்கும் அதே இ தான், இ என்று ஆரம்பித்தால் இருக்கு என்று முடிகிறது, எத்தனை வருஷப் பழக்கம், இருக்கு, இருக்கு, வாங்க இருக்கு, உள்ளே வாங்க இருக்கு. பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல முடியாமல் போனால் ஷட்டருக்கு மேலே அவர்களுடைய பெயர்ப்பலகை, உள்ளே கண்ணாடி அடுக்கு, குளிர் மெஷின், சீருடை போட்ட பெண்கள். உடைச்ச கடலை என்று கேட்டு வருகிற பள்ளிவாசல் தெருக் கிழவரிடம் அவர்கள் என்ன சொல்வார்கள். அந்தச் சொல்லைச் சொல்வார்கள். என் இடத்தில் நின்றுகொண்டு, என் பலகை கிடந்த இடத்தில் நின்றுகொண்டு, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்வார்கள். நினைத்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் எதற்கு இப்படித் திக்குமுக்காட வேண்டும். என்னிடம் கேட்டது இருக்கு என்பதற்கு எதிர்ச்சொல். எதிர்ச்சொல் என்னிடம் இருக்கிறது, அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் கடை நடத்தினேன், அதை வைத்துத்தான் பிள்ளையைப் படிக்க வைத்தேன், அதற்கு நான் எதற்கு வெட்கப்பட வேண்டும். எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

"வரும்," என்றேன்.

ஜெனிஷாவின் முகம் விழுந்தது. மறைக்கத்தான் பார்த்தாள், நல்ல பெண், ஆனால் நான் ஆயுசெல்லாம் எதிரே நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்தவள், எனக்குத் தெரியாதா. பேனா காகிதத்தில் இறங்கியது. திரும்பி கனகவேலிடம் மெதுவாகச் சொன்னாள், களைத்துப்போனால் பழைய சொல் திரும்ப வருவது உண்டு, இன்றைக்கு இதோடு நிறுத்திக்கொள்ளலாம், கடை விஷயத்தில் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. பொறுத்துப் பார்க்க எங்கே நாள் இருக்கிறது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அட்டையில் எழுத்து கலங்கியது. பின்னால் நாற்காலி நகர்ந்தது. கனகவேல் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான், அவன் கை என் தோள்மேல் இருந்தது.

"மேடம், அதைத் தப்புன்னு எழுதிராதீங்க. எங்க கடையில இருக்குங்கிறதுக்கு எதிர்ச்சொல் அதுதான். நான் பேசப் பழகினதே அப்படித்தான்."

அப்புறம் அவனுக்கு எங்கிருந்தோ பேச்சு வந்துவிட்டது. கடையில் அந்தச் சொல் ஆகாது என்பதையும், எடுத்து வைப்பதையும், விளக்கை அமர்த்துவதையும் சொன்னான். ஸ்கூலில் எதிர்ச்சொல் எழுதச் சொன்னபோது தானே இதை எழுதி வாத்தியாரிடம் குட்டு வாங்கியதைச் சொன்னான், இதை என்னிடம் அவன் சொன்னதே கிடையாது. ஜெனிஷா பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று ஃபைலைப் பின்பக்கமாகப் புரட்டி, முதல் நாள் எண்ணும்போது லாபம் என்று ஆரம்பித்தார்களே, அதுவும் இதுதானா என்று கேட்டாள். கனகவேல் சிரித்துவிட்டான், ஐப்பசிக்குப் பிறகு அவன் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். அவள் அந்தப் பக்கத்தில் எதையோ அடித்து வேறு எழுதினாள். என்னைப் பார்த்து, என்னை மன்னிச்சிருங்கம்மா என்றாள். மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது, எங்கள் கடைக்கு வராதவளுக்கு எப்படித் தெரியும். ஆனால் பொறுப்பானவள், அதோடு விட்டுவிடுகிறவள் கிடையாது. வழக்கம் புரிகிறது, ஆனாலும் அந்த இன்னொரு சொல்லும் வாய்க்கு வருகிறதா என்று தெரிந்தாக வேண்டும், ஒருவர் வந்து வேண்டாததைக் கேட்டால் மறுத்துச் சொல்லவும் அம்மாவால் முடிய வேண்டும், அது தெரியாமல் கடையில் உட்கார வைக்கச் சொல்ல மாட்டேன் என்றாள். நியாயந்தான். அவள் மறுபடியும் அட்டையை எடுக்கக் கையை நீட்டினாள், அப்போது கனகவேலின் செல்போன் அடித்தது. பார்த்தான். முகம் மாறியது. அவர்கள்தான். எடுத்துக் காதில் வைத்து, ஒரு நிமிஷம் ஸார் என்றான், கையால் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். எப்போதும் அவனே பேசுவான், வெளியே போய்ப் பேசுவான், இன்றைக்கு ஏனோ என்னைக் கேட்டான்.

"இடம் இருக்கான்னு கேக்குறாங்கம்மா. என்ன சொல்லட்டும்?"

எதிரே ஒருத்தர் நிற்கிறார். இருக்கா என்று கேட்கிறார். அக்கம்பக்கம் எல்லாம் வந்து நின்றுவிட்டது, ஷட்டர், பலகை, கடுகு, கடுகை ஒட்டிச் சீரகம். நான் தேட வேண்டிய தேவையே கிடையாது. இ என்று ஆரம்பித்தேன், இந்தத் தடவை நாக்கு வேறு பக்கம் திரும்பியது.

"இல்லை," என்றேன். "நான் இருக்கேன்."

எத்தனை வருஷமாகச் செலவழிக்காமல் வைத்திருந்த சொல், மடிப்புக் கலையாமல் வந்தது. ஜெனிஷா எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், எழுதம்மா எழுது, இரண்டையும் சேர்த்து எழுது. கனகவேல் போனைக் காதுக்குக் கொண்டுபோனான். ஸார், என்றான். இடம் வந்து ஸார், என்றான். வாயைத் திறந்தான், மூடினான், நெற்றியைத் துடைத்தான். அந்தப் பக்கத்திலிருந்து இருக்கா, இருக்கா என்று அவர்கள் கேட்பது எனக்கே கேட்டது. உங்களுக்கு வேற நல்ல இடமா அமையும் ஸார், என்றான். திரும்பவும் கேட்டார்கள். அமையும் ஸார், கண்டிப்பா அமையும், என்றான். எனக்குச் சிரிப்பு தாங்க முடியவில்லை. கோயம்புத்தூரில் எத்தனை வருஷம் இருந்தால் என்ன, கடைக்காரி பெற்ற பிள்ளை.